நாற்காலியில் ஒரு மூட்டை

ஏனுங்க தம்பி, இந்த பஸ்ஸு அஞ்சரைக்கு முன்னால பல்லடம் போயிருமுங்களா? போயிரும்ங்கறீங்க. காங்கயத்துல ரொம்ப நேரம் நிறுத்திப் போட்டுருவானோன்னுதான் கேட்டேன். எம்பொண்ணுக்கு அஞ்சரைக்கு ஆபீஸ் விடும். அவ வண்டிய இன்னைக்கு நான் ஓட்டிட்டு வரோணும். ட்ரைவருக்கு மச்சினன் கல்யாணம், மத்தியானமே ஊருக்குக் கெளம்பிட்டாரு. மொத மொதல்ல என்னையக் கூப்புட்டிருக்கறா. அதான் கொஞ்சம் படபடன்னு இருக்குது.

வண்டின்னா காரு இல்லீங்க, வேனு. பின்கதவத் தொறந்தா ஒரு பலகை சரிஞ்சு ரோட்டுக்கு எறங்கும். வீல்சேர்ல இருக்கறவங்க உக்காந்தபடியே ஏறிக்கலாம், யாரும் தொடவே வேண்டியதில்ல. அந்த மாதிரி வண்டி வாங்கறதப் பத்தி உங்களுக்கு எதாச்சும் தெரிஞ்சுக்கோணும்னா என்னையக் கேளுங்க. கரூரு, நாமக்கல், சேலம், கோயமுத்தூருன்னு நான் பாக்காத வண்டி இல்ல. ஏழெட்டு மாசம் பாத்தேன். கடைசில வாங்குனது நானில்ல, அது வேற.

தாரணின்னு பேரு. இருபத்தேழு வயசாச்சு. ஏழு வயசுல தடுக்கித் தடுக்கி உளுந்துட்டிருந்தா. கொண்டுபோய்க் காட்டுனா, தசையெல்லாம் பலம் கொறஞ்சுட்டே போற சீக்குன்னுட்டாங்க. பத்தாவது படிக்கறப்பக் காலு சுத்தமா நின்னுபோச்சு. அன்னையிலருந்து நாந்தானுங்க தூக்கறது. பள்ளிக்கோடம், காலேஜு, பரிச்சை ஹாலு, டாக்டரு வீடு, கோயிலு, எல்லாம் இந்தக் கைதான். காலேஜுல அவ வகுப்பு ரெண்டாவது மாடி. நான் வெள்ளகோவில்ல தேங்கா ஒடைச்சுக் காயப்போடற களம் வெச்சிருக்கறனுங்க. சின்ன வயசுல மூட்டை தூக்கிப் பொழைச்ச ஒடம்பு இது. எனக்கு அவ ஒரு பாரமே இல்ல.

ஊருல சொல்லுவாங்க, நாச்சிமுத்துவாட்ட ஒரு அப்பன் எவனுக்கு வாய்ப்பான்னு. எனக்கு அதெல்லாம் காதுலயே உளுகாது. மூலனூர்ல ஒரு கல்யாணத்துல ஒரு அம்மா எங்கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டு, "சாமி, நீ அடுத்த பொறப்புல ராசாவாப் பொறப்பே"ன்னாங்க. நான் அதையெல்லாம் ஞாபகத்துல வெச்சுக்கறதே இல்ல.

அதே கல்யாணத்துலதான், "அப்பா, நான் கீழயே இருந்துக்கறேன், பொண்ணு மாப்பள எறங்கி வர்றப்பப் பாத்துக்கறேன்"னா தாரணி. அதெப்படிங்க? எல்லாரும் மேடைல நின்னு போட்டோ புடிக்கறப்ப எம்புள்ள மட்டும் கீழ இருக்கறதா? தூக்கிட்டு ஏறிட்டேன். பட்டுச்சேலை கட்டியிருந்தா, கொஞ்சம் மேல ஏறிக்கிச்சு, மரகதம், அதாவது எஞ்சம்சாரம், ஓடி வந்து இழுத்து வுட்டா. தூக்கறப்ப எல்லாம் தாரணி கண்ண இறுக்கி மூடிக்குவாளுங்க. அப்பன் போட்டுர மாட்டான்னு அவ்வளவு நம்பிக்கை.

அவளுக்கு மூளையெல்லாம் வெகு சுறுசுறுப்பு. பி.காம் முடிச்சு, கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதப் படிச்சு, காங்கயத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலைக்குக் கூப்புட்டாங்க. தை மாசம் வந்து சேந்துக்கம்மான்னாரு. நானே காருல கூட்டிட்டுப் போய்த் தூக்கி எறக்கி வுட்டுட்டு வர்றேன்னேன். இல்லப்பா, வேன் ஒண்ணு வாங்கிரலாம், வீல்சேரோட போயிட்டு வீல்சேரோட வந்துருவேன்னா. சரி அம்மணின்னேன். அவ எதைக் கேட்டு நான் இல்லைன்னிருக்கறேன்?

ஆனா வண்டிங்கறது சும்மா கண்ணுல பாத்து வாங்கற சாமானா? சோதிச்சுப் பாக்கோணும். அவளையே கூட்டிட்டுப் போலாம்தான். ஆனா ஒவ்வொரு கடைக்கும் தூக்கி ஏத்தி எறக்கி, வெயில்ல உக்கார வெச்சு, எதுக்குப் புள்ளைய வாட்டோணும்? ஒரு ரோசனை பண்ணினேன். என்னன்னா, எனக்குக் கையில தூக்குனாவே நிறை தெரியுமுங்க, தராசு வேண்டாம். தாரணி நாப்பத்திரெண்டு கிலோ. களத்துல தேங்காப்பருப்பு அதே நாப்பத்திரெண்டு கிலோ போட்டு ஒரு மூட்டை கட்டுனேன். அவ வீல்சேரைக் காருல ஏத்திக்கிட்டேன். கடைக்குப் போனதும் மூட்டைய நாற்காலில உக்கார வெச்சு, துண்டால இடுப்புல ஒரு கட்டு. "ம், இப்ப ஏத்துங்க பாக்கலாம்"பேன்.

சிரிக்காதீங்க. நல்ல ரோசனைதானுங்க அது. கரூர்ல வண்டிக்குப் பாடி கட்டற ஷெட்டுக்காரரே அசந்துட்டாரு.

என்னங்க கேட்டீங்க? அப்ப அவ எங்க இருந்தாளா? அவ வீட்லதான் கட்டில்ல இருந்தா. ஃபேன் இருக்குது, போன் இருக்குது, தலமாட்டுல தண்ணி வெச்சுட்டுத்தான் போவேன். மரகதம் களத்துல ஆளுங்களப் பாத்துட்டு மத்தியானம் வந்துருவா.

அந்த மொத வண்டி கரூர்ல பாத்தது. வெள்ளை வேனு. மூட்டை நல்லாத்தான் ஏறுச்சு. ஆனா பலகை எறங்கறப்ப டொம்முனு ஒரு சத்தம். புள்ள பயந்துக்குவாளேன்னு வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது ஒண்ணு நாமக்கல்ல, பலகை ரொம்பச் சரிவு. அது நெசமாவே சரிவுதானுங்க. மூணாவதுல கூரை தாழ்வு. மூட்டைக்கு இடிக்கல, ஆனா தாரணி பூ வெச்சா இடிக்குமே? அப்பறம் ஒண்ணு, எல்லாம் சரி, கலரு சாம்பல். பொணவண்டியாட்ட இருந்துச்சு. இன்னொண்ணு எல்லாமே சரி, விக்கறவன் பேச்சு எனக்குப் புடிக்கல. சும்மா சும்மா செல்போனையே நோண்டிக்கிட்டிருந்தான். அப்படிப்பட்ட ஆளு நாளைக்கு ரிப்பேருன்னா வருவானா?

தை போயி, மாசி போயி, நோம்பியெல்லாம் முடிஞ்சு ஆடி வந்துருச்சு. ஆடிட்டரு போன் பண்ணினாரு. இத்தன நாளு வெச்சுப் பாத்தேன், வேற ஆளு போட்டுட்டேன்னாரு. தாரணி சோறு தின்னா, கைகழுவுனா. நான், "வுடு அம்மணி, இதை வுட்டா வேற வேலையா இல்ல? நீ சம்பாரிச்சுத்தான் ஆகோணுமா"ன்னேன். ஆறுதலாத்தானுங்க சொன்னேன்.

அன்னைக்கு மரகதம் சொன்னா பாருங்க ஒரு வார்த்தை. முப்பது வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. "ஏனுங்க, உங்களுக்கு வண்டி அமையலயா, இல்ல தூக்கறத வுட மனசில்லயா?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். இதை ஒரு பொம்பள தாலி கட்டுனவனப் பாத்துக் கேக்கலாமா? நாயா அலைஞ்சது யாரு? சொல்லுங்க. மூட்டையும் நாற்காலியுமா கடை கடையா ஏறி எறங்குனது யாரு?

அந்தக் கோவத்துலயே மறுவாரம் சேலம் போனேன். அங்கதான் அந்தக் கடைசி வண்டி. அதுல பலகை கூட இல்லீங்க, லிஃப்ட்டு. ஒரு பட்டன் அமுக்குனா சத்தமே இல்லாம நாற்காலிய அப்படியே மேல தூக்கும். கூரை ஒசரம், கலரு வெள்ளை, ஆளும் மரியாதையான ஆளு. டீ வாங்கிக் குடுத்தாரு. மூட்டை மேல போறதப் பாத்துட்டே நின்னேன். அன்னைக்கு அந்த மூட்டை உளுந்துருச்சுங்க. தேங்காப்பருப்பு பூராம் ரோட்டுல. வீட்டுக்கு வந்து, "லிஃப்ட்டே ஆகாது அம்மணி, மூட்டையவே தள்ளிருச்சு, உன்னைய நம்பி ஏத்துவனா"ன்னேன். அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா.

கட்டியிருந்தீங்களே, எப்படி உளுந்துச்சுங்கறீங்களா? கட்டுத்தான். கட்டு இருந்துச்சு. கட்டு சரியா இருக்குதான்னு பாக்க நாந்தான் லேசா அவுத்தேன். மேல போயி நிக்கறப்ப. நல்லாத் தெரிஞ்சுக்கறதுக்காகத்தானுங்க. அவசரத்துக்குக் கட்டாம ஏத்துனா என்னாகும்னு பாக்க வேண்டாமா?

காங்கயம் வந்துருச்சுங்களா? பாருங்க, சொன்னனே, நிறுத்திப் போட்டுருவான்னு. மணி என்னங்க? சரி, நேரம் இருக்குது.

அப்பறம் எனக்கே ஒடம்புக்கு ஆகாமப் போச்சு. குடலெறக்கம். வலி முன்னாலயே இருந்துச்சு, நான் யாருகிட்டயும் சொல்லல. இடுப்புல துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டுத் தூக்கிட்டிருந்தேன். ஒரு நாளு வாசப்படில அவளத் தூக்கி எறக்கறப்ப அப்படியே மண்டி போட்டு உக்காந்துட்டேன். புள்ளையக் கீழ போடல, மடியிலயே வெச்சிருந்தேன். பக்கத்து வீட்டு ஆளுங்க வந்து ரெண்டு பேரையும் தூக்குனாங்க. ஆபரேசன் பண்ணிட்டு டாக்டரு, இனிமே தண்ணிக்கொடம் கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு.

நான் ஆஸ்பத்திரில கெடந்த வாரத்துல தாரணி என்ன பண்ணிருக்கறா தெரியுங்களா? கரூர் ஷெட்டுக்குப் போன் பண்ணி, வண்டிய எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டுங்கன்னிருக்கறா. அவங்களும் கொண்டாந்துட்டாங்க! இப்படிக் கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லீங்க. அவளே பலகைல ஏறி, உள்ள போயி, திருப்பி நிறுத்தி, சன்னல் வழியா எதுத்த கடை போர்டு படிக்க வருதான்னு பாத்தாளாம். உக்காந்த ஒசரத்துக்குக் கம்பி மறைக்குது, நாற்காலி நிக்கற எடத்துல தரையக் கொஞ்சம் தாழ்த்திக் குடுங்கன்னாளாம். நான் பாத்த ஒரு வண்டிலகூட சன்னலப் பாக்கல. மூட்டைக்குக் கண்ணா இருக்குது? ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டா. எந்த வண்டிங்கறீங்க? நான் மொதல்ல வேண்டாம்ன அதே வெள்ளை வேனு. டொம்முனு சத்தம் போடுமே, அதேதான்.

வீட்டுக்கு வந்து நான் கட்டில்ல கெடக்கறேன். எந்திரிக்கக் கூடாது, பெரளக் கூடாது. வெசனமா இருந்துச்சு. "எத்தன நேரம் அம்மணி இந்த மோட்டுவளையவே பாத்துட்டுக் கெடக்கறது"ன்னு பொலம்புனேன். தாரணி பக்கத்துல வீல்சேர்ல இருந்தா. எனக்கு அப்ப மனசுல ஒண்ணு குத்திட்டே இருந்துச்சு. புள்ளைக்குப் பதிலா ஒரு மூட்டைய வெச்சுட்டமே, அது அவளக் கேவலப்படுத்துன மாதிரி ஆயிருச்சேன்னு. அதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறான்னு நெனச்சேன். "அம்மணி, அந்த மூட்டை வெச்சது தப்புத்தான், மனசுல வெச்சுக்காத"ன்னேன்.

"மூட்டைய வெச்சதுக்கு இல்லப்பா. நாற்காலிய எடுத்துட்டுப் போனதுக்கு"ன்னா.

எனக்கு வெளங்கல. அவளே சொன்னா. "நீங்க வண்டி பாக்கப் போன அன்னைக்கெல்லாம் நான் இப்படித்தாம்ப்பா கெடந்தேன். ஒண்ணுக்கு வந்தா அம்மா வர்ற வரைக்கும் அடக்கிட்டு. தண்ணியே குடிக்க மாட்டேன். எனக்கு வண்டி பாக்கறதுக்கு என் காலையே புடுங்கிட்டுப் போனீங்க."

கத்தலீங்க. சாதாரணமாச் சொன்னா. நான் தலமாட்டுல வெச்சுட்டுப் போன செம்பு அப்படியே இருக்கும், திரும்பி வர்றப்ப எல்லாம் பாத்திருக்கறேன். வெயில் இல்லாத நாளு போல, தாகமில்லன்னு நெனச்சிருக்கறேன். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்னையக் கையெடுத்துக் கும்புட்டாங்களே தம்பி, இதை யாருகிட்டச் சொல்லி அழுகறது? எனக்குச் சோறு எறங்கல அன்னைக்கு. இன்னைக்கும் அவ அந்தச் செம்பத் தூக்கிக் குடிக்கறப்ப நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.

இன்னொண்ணும் கேட்டா. சேலத்துல மூட்டை எப்படிப்பா உளுந்துச்சுன்னு. உங்களாட்டவேதான் கேட்டா. அந்தக் கடைக்காரருக்கும் போன் பண்ணிருப்பா போல. நான் தூங்கிட்ட மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். அவளும் அதுக்கு மேல கேக்கல.

இப்பப் பல்லடத்துல கோழித்தீவனக் கம்பெனில கணக்கு எழுதறா. நல்ல வேலை. வேலைக்குப் போன மொத நாளு வேனு வாசல்ல நிக்குது. பலகை எறங்குச்சு, டொம்முனு. அவ பயப்படவே இல்ல, நாந்தான் துள்ளிட்டேன். அவ நாற்காலிய அவளே உருட்டி ஏறுறா. பாதி ஏறிட்டு நிறுத்துனா. திரும்பாமயே, "அப்பா, கையக் கீழ போடுங்க"ன்னா. பாத்தா, ரெண்டு கையும் முன்னால நீண்டு நிக்குது. நான் நீட்டுனதே எனக்குத் தெரியாதுங்க. அவளுக்கு முதுகுலயா கண்ணு? "நானும் வரட்டுமா அம்மணி"ன்னேன். "இன்னைக்கு வேண்டாம்ப்பா"ன்னா. அந்த இன்னைக்கு வேண்டாம் அஞ்சு மாசமா ஓடிட்டிருந்துச்சு.

போன மாசம் இந்த ரோட்டுலதானுங்க, அவினாசிபாளையம் தாண்டி, வண்டி நின்னுபோச்சு. காலைல வேலைக்குப் போற நேரம், நல்ல வெயிலு. போற வர்றவங்கெல்லாம், எறக்கிக் காருல வெச்சுக் கொண்டுபோயி வுட்டர்றோம்மான்னாங்களாம். வேண்டாம்னுட்டு, ரெண்டு மூணு மணி நேரம் மெக்கானிக்கு வர்ற வரைக்கும் வேனுக்குள்ளயே இருந்திருக்கறா. சாயங்காலம் வந்து அவளாத்தான் சொன்னா. "எனக்கு ஒரு போன் பண்ணிருந்தா பறந்து வந்திருப்பனே அம்மணி? ஏன் பண்ணல?"ன்னேன்.

எம்மொகத்தப் பாத்துச் சொன்னா. "நீங்க வந்திருப்பீங்கப்பா. வந்து தூக்கிருப்பீங்க. அதான் பண்ணல."

கேக்கறதுக்குக் கஷ்டந்தான். ஆனா பொய்யா? தூக்கித்தானுங்க இருப்பேன். டாக்டரு சொன்னதெல்லாம் அந்த நேரத்துக்கு ஞாபகம் வருமா? அத்தன ஜனம் பாக்கறப்ப... இல்ல, ஜனத்துக்காக இல்ல. எம்புள்ளைக்காகத்தான். அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கறேன். இப்பெல்லாம் உறுதியாச் சொல்ல வர மாட்டேங்குது.

இன்னைக்குக் காலைல அவளே சொன்னா. "சாயங்காலம் நீங்க வந்து வண்டிய ஓட்டுங்கப்பா. பின்கதவத் தொறந்து பலகைய எறக்கி வுடுங்க. எறக்கி வுட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. நான் ஏறுனதும் கதவச் சாத்துங்க." அவ்வளவுதான். அவ்வளவுதானுங்க வேலை. ஒரு சின்னக் கொழந்தை செய்யும். மரகதம் என்னைய வாசல் வரைக்கும் வந்து அனுப்புனா, என்னமோ பட்டாளத்துக்கு அனுப்பற மாதிரி. அவளுக்கும் பயம்.

இது தப்பிருச்சுன்னா அவ இனி என்னையக் கூப்புட மாட்டாளுங்க. எம்பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? கோவிச்சுக்க மாட்டா, சண்டை போட மாட்டா. இன்னைக்கு வேண்டாம்ப்பாம்பா. அதுக்கப்பறம் எத்தன வருசம் ஓடுமோ.

பல்லடம் வந்துருச்சு போல. அந்தப் பாலம் தாண்டுனா ஸ்டாண்டுதான். தம்பி, நீங்க கோயமுத்தூரு வரைக்குமா டிக்கெட் எடுத்திருக்கறீங்க? அவசர வேலையா? இல்லைன்னா ஒண்ணு கேக்கட்டுமுங்களா? எங்கூட எறங்குங்களேன். அடுத்த பஸ்ஸு பின்னாலயே வரும், அதுக்கு டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன். கம்பெனி வாசல் பக்கத்துலதான். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், யாரோ ஒருத்தராட்டச் சும்மா எம்பக்கத்துல நின்னாப் போதும். அவ பலகைல ஏர்றப்ப எங்கைய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. நீண்டுச்சுன்னா, நான் பெரியவன்னெல்லாம் பாக்காதீங்க தம்பி, புடிச்சுக் கீழ இழுத்துருங்க.